கூப்பிடாமல் வரும் சிஸ்டர்

ஓய்வு பெற்ற நர்ஸ்களுக்கென்று ஊரில் சில வேலைகள் காத்திருக்கும். தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் பிரஷர் பார்க்க வேண்டும். உறவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் டாக்டரிடம் போய்ப் பேச வேண்டும். வேளாங்கண்ணிக்கு வேன் கிளம்பினால் மருந்துப் பையோடு முன் சீட்டில் உட்கார வேண்டும். சகாயமேரி இதையெல்லாம் முதல் சில மாதங்களிலேயே செய்து தீர்த்துவிட்டாள். இனி என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், யுத்தத்துக்கு ஆள் வேண்டும் என்று மகன் ரொனால்ட் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

அந்த யுத்தம் நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன ஒன்று. முதல் உலகப் போரில், இன்றைக்கு இராக் என்கிறோமே, அந்த மண்ணில் டைகிரிஸ் நதிக்கரையில் நடந்தது. பிரிட்டிஷ்காரன் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய இந்தியச் சிப்பாய்கள் ஒரு பக்கம், துருக்கியர்கள் இன்னொரு பக்கம். அதைத்தான் ரொனால்டும் அவனோடு கல்லூரியில் படித்த சுசித்ராவும் பன்னிமண்டபம் பகுதியில் இருந்த அவன் வீட்டின் மாடி அறையில் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். 'டைகிரிஸ் கரை' என்று பெயர். ஆடுகிறவருக்குத் திரையில் தன் கை தெரியும், கையில் பிடித்த துப்பாக்கி தெரியும், எதிரே இருப்பதெல்லாம் தெரியும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொள்ளலாம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ரொனால்ட் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து புரோகிராம் எழுதினான், சுசித்ரா படம் வரைந்தாள். டைகிரிஸை அவள் கண்ணால் கண்டதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் உட்கார்ந்து அந்தச் சேற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். எங்கள் ஊர்ச் சேற்றை அப்படியே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று இராக்கிலிருந்து ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். சுசித்ரா அவருக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லவில்லை.

இந்த மாதிரி ஆட்டங்களைப் பிடித்த சனியன் ஒன்று உண்டு. ஆள் இருந்தால்தான் ஆள் வரும். யாராவது ஆசையாக உள்ளே வருவார், ஒரு குருவிகூட இல்லாத பாலைவனத்தில் தனியே நின்று காற்றுச் சத்தத்தைக் கேட்பார், கிளம்பிப் போய்விடுவார். அடுத்து வருகிறவரும் அதே வெறும் மணலைப் பார்த்துவிட்டுப் போவார். இது சகாயமேரிக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டு ஜெபக் கூட்டத்திலும் இதே பாடுதானே. நாற்காலி காலியாகக் கிடந்தால் வாசல்வரை வந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்ற யோசிப்பார்கள். அதனால் கூட்டம் வைக்கிற வீட்டுக்காரர் நாலு சொந்தக்காரரை முன்னாலேயே வரவழைத்து உட்காரவைத்துவிடுவார்.

"அந்த மாதிரி நீயும் சும்னே வந்து உக்காரும்மா," என்றான் ரொனால்ட், 'சும்மா' என்பதைக் கன்னடத்தில். "சுட வேணாம், ஓட வேணாம். ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"சும்னே உக்கார்றதுக்கு நான் எதுக்குடா? ஒரு பொம்மைய வெச்சுக்கோ."

"பொம்மைய வெச்சா கண்டுபுடிச்சிடறாங்கம்மா."

பொம்மைக்கு ஒரு படி மேல் என்று மகன் வாயால் கேட்ட திருப்தியோடு சகாயமேரி மாடிக்குப் போனாள். முதல் நாள் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மௌஸை அசைத்தால் பூமி சுழன்றது, பூமியோடு வயிறும் சுழன்றது. ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டு, இந்தக் கண்றாவிக்கு இனி மாடிப்படி ஏறுவதில்லை என்று சத்தியம் செய்தாள். மறுநாள் ஏறினாள். தலை சுற்றுவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் ஒருவன் அடிபட்டு விழுந்ததைப் பார்த்திருந்தாள். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன ஆவான் என்பதை ரொனால்ட் விளக்கினான். குண்டு பட்டவர் உடனே சாக மாட்டார், கொஞ்ச நேரம் தரையில் கிடப்பார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரைக்குள் இருக்கும் அவருடைய சிப்பாய் உதவி கேட்டு அலறுவான். மைக் இருந்தால் சொந்தக் குரலிலேயும் கத்தலாம். யாராவது வந்து கட்டுப் போட்டால் எழுந்து நடக்கலாம். வராவிட்டால் வெகு தூரம் பின்னாலிருக்கும் முகாமில் மறுபடி பிறந்து, அந்தப் பாலைவனம் முழுக்க நடந்துதான் களத்துக்கு வர வேண்டும். கட்டுப் போடுவதற்கென்றே துப்பாக்கி இல்லாத ஒரு வேஷமும் ஆட்டத்தில் இருந்தது. தோளில் பஞ்சுப் பை, கையில் துணிச்சுருள், அவ்வளவுதான். அந்த வேஷத்தை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை என்றான் ரொனால்ட். சுடுகிற ஆட்டத்துக்கு வந்துவிட்டுப் பஞ்சைச் சுமக்க யார் வருவார்கள்?

சகாயமேரி சுமந்தாள். பெயர் கேட்ட இடத்தில் 'சிஸ்டர் மேரி' என்று ஒற்றை விரலால் தட்டினாள்.

அதற்கப்புறம் அவளை மாடியிலிருந்து இறக்குவதுதான் பெரிய பாடு. மாலையானால் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போரைவிடப் போருக்கு வருகிறவர்கள்தான் அவளுக்கு வேடிக்கை. இந்தச் சேற்றில் வந்து புரள்கிறவர்கள் யார், வீட்டில் என்ன செய்கிறார்கள், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா? கட்டுப் போடும் இடைவெளியில் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பாள், ஆஸ்பத்திரி இங்கிலீஷில்: சாப்பிட்டாச்சா? குண்டு பறக்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு முதலில் மிரண்டவர்கள், பிறகு பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். போலந்தில் ஒரு லாரி டிரைவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஆடுகிறார் என்று தெரியவந்தது. பிரேசிலில் ஒரு பெண் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஆடுகிறாள். அவளைச் சகாயமேரி திட்டியும் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டே போய்த் துருக்கிக்காரர்களிடம் குண்டடிபட்டு விழுந்தாள்.

விழுந்ததும் கத்துவாள்: "சிஸ்டர்! சிஸ்டர்!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சகாயமேரி மாடிப்படி ஏறினாள் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆஸ்பத்திரியில் பாதி ஆயுளை அந்தப் பெயரில் கழித்தவள் அவள். வெளியே வந்த மறுநாளே அது உதிர்ந்துவிட்டது. தெருவில் அவள் ரொனால்ட் அம்மா, கோயிலில் மேரியக்கா. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரோ ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டு, தான் அவசரமாக ஓடுகிற அந்தச் சுகத்தை இழந்துவிட்டோம் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. திரும்பக் கிடைத்ததை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஆனால் கூப்பிட்ட ஆளிடம் அவள் ஓடவில்லை என்பதுதான் வினை.

காஷுவால்டி என்கிற அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள். பஸ் கவிழ்ந்து ஒரே நேரத்தில் பத்துப் பேரைக் கொண்டுவந்து போட்டால், தொண்டை கிழியக் கத்துகிறவனைத் தாண்டிப் போக வேண்டும். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. மூலையில் சத்தமில்லாமல் கிடக்கிறானே, அவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சகாயமேரிக்கு அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். டைகிரிஸ் கரையிலும் திரும்பியது. "சிஸ்டர்" என்று அலறுகிற லாரி டிரைவரைத் தாண்டி, காலேஜ் பெண்ணைத் தாண்டி, வாயைத் திறக்காமல் கிடக்கும் சிப்பாயைத் தேடிப் போய்க் கட்டுப் போடுவாள். அவன் எழுந்திருக்க மாட்டான். நாடி பார்க்க வழியில்லையே என்று மைக்கில் தமிழிலேயே அங்கலாய்த்தபடி இன்னொரு கட்டும் போடுவாள்.

அவன் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதை ரொனால்ட் ஒரு நாள் சொல்லவேண்டியதாயிற்று. "அம்மா, கத்தாதவன் அங்க இல்லவே இல்ல. டீ போடப் போயிருப்பான். இல்ல கதவ யாரோ தட்டியிருப்பாங்க. கம்ப்யூட்டர் மட்டும்தான் அங்க கெடக்குது. ஆஸ்பத்திரியில எப்படியோ, இங்க அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"எல்லாரும் டீ குடிக்கவாடா போயிடறாங்க? ஈச்ச மரத்துக்குப் பக்கத்துப் பள்ளத்துல ஒரு ஆளு அடிக்கடி விழறான். ஒரு சத்தம் கெடையாது. ஆனா கட்டுப் போட்டா சில நாள் எந்திரிச்சு ஓடறான்."

"சில நாள் ஓடறான். மத்த நாள்?"

"கெடக்கறான்," என்று ஒப்புக்கொண்டாள் சகாயமேரி.

அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை. பெயர் தட்டாமல் வருகிறவர்களுக்கு ஆட்டமே சிப்பாய் என்று போட்டு ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

இது அம்மா பிள்ளை பேச்சோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடுகிறவர்கள் ஆட்டத்தைப் பற்றிக் கருத்து எழுதுகிற இடத்தில் சிஸ்டர் மேரியைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். ஆட்டம் அருமை, ஆனால் அந்த சிஸ்டர் காது கேளாதவர் போலிருக்கிறது என்றார் ஒருவர். நான் உயிருக்குக் கத்திக்கொண்டிருக்கிறேன், அந்த அம்மா என் மார்பு மேல் ஏறி ஓடி, ஆளே இல்லாத ஒரு பிணத்துக்கு மருந்து போடுகிறார் என்று எழுதியிருந்தார் இன்னொருவர். அதைப் படித்து சுசித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். ரொனால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் இலவசமாக வந்து ஆடிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு வருகிறவர்கள் தங்கினால் ஆட்டம் பிழைக்கும். தங்காவிட்டால் இழுத்து மூடிவிட்டு அவன் பெங்களூருக்கே திரும்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நின்ற தோரணையிலேயே சகாயமேரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாளைக்கு நீ வேணாம்மா. ஒரு நாளைக்கு மட்டும்."

"ஆள் வேணும்னு நீதானடா இழுத்துட்டுப் போன?"

"நாளைக்கு ஆளுக்குப் பஞ்சமில்ல. வர்றவங்க ஓடிடக் கூடாது, அதான்."

அவன் பின்னால் நின்ற சுசித்ரா கன்னடத்தையும் தனக்குத் தெரிந்த தமிழையும் கலந்து சமாதானம் பேசினாள். "பேஜார் ஆக பேடி ஆன்ட்டி. திங்கக்கிழமை திரும்ப வாங்க. நானே கூப்பிடறேன்."

வருத்தப்படாதே என்றால் வருத்தம் போய்விடுமா? சகாயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தியபோதுகூட அவள் அழவில்லை. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்று பார்த்தால், அன்றைக்கு அவள் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ்.

"நான் கத்தறவங்ககிட்டயே போறேன்," என்றாள். "சத்தம் போடாதவன் பக்கம் திரும்ப மாட்டேன். ஒரு மணி நேரம் பாரு. ஒருத்தராவது ஏதாவது எழுதினா நானே எந்திரிச்சுப் போயிடறேன்."

ரொனால்ட் அம்மாவையும் பீன்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சரி என்றான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து, கோயிலுக்குக் கட்டின புடவையைக்கூட மாற்றாமல் களத்தில் இறங்கினாள். கூட்டம் கொட்டியது. எத்தனையோ பாஷையில் வசவு, சிரிப்பு, வெடிச்சத்தம். சகாயமேரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அலறல் கேட்ட இடத்துக்கெல்லாம் ஓடினாள். கட்டுப் போட்டவுடன் ஆட்கள் துள்ளி எழுந்து நன்றி சொன்னார்கள். இத்தனை நாள் கிடைக்காத நன்றியெல்லாம் மொத்தமாகக் கிடைத்தது. லாரி டிரைவர் அவளுக்கு முன்னால் நின்று, யாரும் சிஸ்டரைச் சுடக் கூடாது என்று காவலே இருந்தார். எதிரி யுத்தம் செய்யத்தான் வந்திருக்கிறான், அவன் எங்கே கேட்பான்? ஆனாலும் அந்த அக்கறை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஈச்ச மரத்தடிக்கும் போகவேண்டி வந்தது. பள்ளத்தில் அந்தச் சிப்பாய் கிடந்தான். வாயைத் திறக்கவில்லை. சகாயமேரி நின்றாள். ஒரு சுற்றுத் துணி, ஒரு நொடி, அவ்வளவுதான் வேலை. அதற்குள் ஆற்றுப் பக்கமிருந்து இரண்டு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். பின்னால் ரொனால்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கிடக்கிறவன் டீ குடிக்கத்தான் போயிருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷப் பழக்கத்தை உதறுவது காலில் ஒட்டிய சேற்றை உதறுவது போல அவ்வளவு சுலபமாக இல்லை. உதறினாள்.

மத்தியானம்வரை ஒரு புகாரும் வரவில்லை. சிஸ்டர் மேரி இருக்கும் கட்சியில்தான் சேர்வேன் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அப்படியே தங்கியிருந்தது. ரொனால்ட் அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். சுசித்ரா மைசூர்பாக் வாங்கிவர ஓடினாள்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தது. அனுப்பியது அந்த எண் போட்ட சிப்பாய்.

'இன்னைக்கு ஏனுங் சிஸ்டர் நீங்க வரலீங்?'

சகாயமேரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். நீங்கள் யார் என்று ஒற்றை விரலால் தட்டிக் கேட்டாள்.

பதில் துண்டு துண்டாக வந்தது. பெயர் லிங்கப்பன். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. 'கடைக் கம்ப்யூட்டர்தானுங். கஸ்டமர் வந்தா அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேனுங். மத்த நேரமெல்லாம் இருக்கறேனுங். இன்னைக்கு இருந்தேனுங். நீங்க வந்து நின்னதப் பாத்தேனுங்.'

"இருந்தானாம்டா," என்றாள் சகாயமேரி. "பாத்துட்டுக் கெடந்திருக்கான். நான் திரும்பிப் போனதப் பாத்துட்டே கெடந்திருக்கான்."

ஏன் கூப்பிடவில்லை என்று அவள் தட்டினாள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

'கூப்படற பொத்தான் போயிருச்சுங். மேல் வரிசையில இருக்கற நாலாம் நம்பர். மைக்கும் இல்லீங். உழுந்து கெடக்கறப்ப இப்படி எழுதி அனுப்பவும் ஆட்டம் உடாதுங். கூப்படாம வர்றது நீங்க ஒருத்தருதானுங். வேற எடத்துல உழுந்தா உங்களுக்குத் தெரியாதுன்னுதானுங் நான் எப்பவும் அந்தப் பள்ளத்துலயே போயி உழறது.'

சகாயமேரி அழுதாள். அதைச் சொல்ல என்ன வெட்கம்? ஒரு ஆள் தனக்காகவே இடம் பார்த்து விழுந்துகொண்டிருந்தான், தனக்கு வந்த நன்றிகளின் குஷியில் அவனைத் தாண்டிப் போய்விட்டோம் என்று அழுதாள். அவன் அங்கே இருந்தான் என்பதும் அந்த அழுகையில் சேர்ந்திருந்தது. இத்தனை நாள் போட்ட கட்டில் பாதியாவது ஆள் மேல்தான் விழுந்திருக்கிறது.

ரொனால்ட் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா, அந்தக் கூப்பிடற பொத்தான வேற எதுக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். சின்ன வேலை. எப்படின்னு நான் அவருக்குச் சொல்றேன். இத்தனை நாள் யாரும் சொல்லல பாரு." அம்மாவின் கையை நகர்த்திவிட்டு அவனே லிங்கப்பனுக்கு விவரமாக எழுதினான். லிங்கப்பன் சரிங் என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டு, யாரோ ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று போய்விட்டார்.

மறுநாள் மாலை சகாயமேரி உள்ளே போனபோது களம் நிறைய ஆட்கள். பஞ்சுப் பையைத் தோளில் போடுவதற்குள் எங்கோ ஒரு அலறல் கேட்டது. ஆட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்த அதே அலறல்தான். ஆனால் அது விடாமல் வந்தது. ஒன்று முடியுமுன் இன்னொன்று. யாருக்கோ குடல் சரிந்துவிட்டது என்று பதறி, லாரி டிரைவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நட்டநடு வெளியில் லிங்கப்பனின் சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன தம்பி, எங்க அடி?" என்று மைக்கில் மூச்சு வாங்கக் கேட்டாள்.

அவன் பதில் தட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் குண்டுகளுக்கு நடுவில் அப்படியே நின்றார்கள்.

'அடியெல்லாம் ஒண்ணும் இல்லீங் சிஸ்டர். சும்மா கூப்ட்டுப் பாத்தேனுங்.'